தங்குமிடம், சாப்பாடு இலவசம்

சென்னையில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் இந்த அறிவிப்பு கண்ணில் படும். ஹோட்டல் கல்லாப்பெட்டிக்கு மேலே, துணிக்கடை வாசலில், பேக்கரியின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருப்பார்கள்: 'வேலைக்கு ஆட்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம்.' நமக்கு அது வேலைக்கான விளம்பரம். போக்கிடம் இல்லாத பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது வீட்டுக்கான விளம்பரம். பாத்திரம் கழுவுவதா, துணி மடிப்பதா, மாவு பிசைவதா, சம்பளம் எவ்வளவு, வாரத்தில் ஒருநாள் லீவு உண்டா என்பதெல்லாம் அவனுக்கு அப்புறம். இன்று ராத்திரி எங்கே படுப்பது என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியில் பதில் இருக்கிறது. உள்ளே போய்விடுகிறான்.

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வருகிற பிள்ளைகளோடு நானும் சில நண்பர்களும் சில வருடங்களாகப் பழகி வருகிறோம். அமைப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு சேர்ந்து அலைகிறோம். இந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுப்பதைவிட முக்கியம், வேலை போனாலும் போகாத ஒரு கூரையை ஏற்பாடு செய்வது. சம்பளமும் கூரையும் ஒரே ஆளின் கையில் இருக்கும்வரை அந்தப் பிள்ளையால் நிமிர முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு ஹோட்டலில் இருந்தான். சமையலறைக்கு மேலே பரண் மாதிரி ஓர் அறை. கீழே அடுப்பு எரிகிற சூடு முழுக்க மேலே ஏறும். அங்கேதான் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். விடியற்காலை மாவு இறக்க எழ வேண்டும், இரவு கடை கழுவிவிட்ட பிறகுதான் படுக்கை. சம்பளத்தில் கையில் வருவது கொஞ்சம், மிச்சம் முதலாளியிடம் 'சேர்ந்துகொண்டு' இருந்தது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். எழுந்து வந்த அன்று சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு. அன்றைக்கு ராத்திரியே பையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். வேலை போன அதே நேரத்தில் படுக்கை போனது, சாப்பாடு போனது, சிநேகிதம் என்று இருந்த ஆட்களும் உள்ளேயே தங்கிவிட்டார்கள். சேர்ந்திருந்த சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கோயம்பேடு பேருந்து நிலையத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் இன்னொரு கடை, இன்னொரு அறிவிப்புத் தாள், இன்னொரு பரண்.

இப்படி மூன்று நான்கு சுற்று வந்தவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். வெளியே இருக்கிறவர்கள் 'ஒரு இடத்துல நிலைச்சு இருக்க மாட்டேங்கிறான்' என்று சொல்வார்கள். அவனுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதிக நேரம் வேலை வாங்கினால் மறுத்துப் பேச முடியாது, பேசினால் இரவு ரோட்டில். நல்ல வேலை ஒன்று வருகிறது, ஆனால் தங்க இடம் தர மாட்டார்கள் என்றால் அதை எடுக்க முடியாது. ஐ.டி.ஐ.யில் சேர்ந்து இரண்டு வருடம் ஃபிட்டர் படிக்கலாமே என்றால், அந்த இரண்டு வருடம் எங்கே இருப்பது? திருச்செங்கோட்டிலிருந்து வட மாநிலங்களுக்குக் கிளம்புகிற ஆழ்துளைக் கிணறு லாரிகளில் மாதக்கணக்கில் போகிற பையன்கள், திண்டுக்கல், கோவை, திருப்பூர் பக்கம் நூற்பாலை விடுதிகளில் இருக்கிற பெண் பிள்ளைகள், எல்லோருக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். வேலை பிடித்துப் போனவர்களும் அவர்களில் உண்டு. வேறு கூரை இல்லாததால் போனவர்களும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு, வீடற்றவர்களை எண்ணினார்கள். நடைபாதை, பாலத்தடி, ரயில் பிளாட்பாரம், கோயில் மண்டபம் என்று திறந்த இடங்களில் படுத்திருந்தவர்கள்தான் அந்த எண்ணிக்கை. நாடு முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். ஹோட்டல் பரணில் படுத்திருக்கிற பையன் இதில் இல்லை. அவன் தலைக்கு மேலே ஓடு இருக்கிறது, அதனால் வீடற்றவன் இல்லை. நாளைக்குக் காலையில் அந்த ஓடு இருக்குமா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

மாநகராட்சி இரவுக் காப்பகங்கள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2010-இல் தலையிட்ட பிறகு, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கு வந்தது. நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்படி அவை இரவு மட்டும் அல்லாமல் முழு நாளும் இயங்க வேண்டும். சென்னையில் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து மாநகராட்சி இவற்றை நடத்துகிறது. அவற்றில் உண்மையாக உழைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். முடியாத முதியவர்களையும் மனநலம் குன்றி வழிதவறி வந்தவர்களையும் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் இருபது வயதில், நாளை வேலைக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளைக்கு அது தங்கி எழுகிற இடம் ஆகாது. இல்லத்தின் டார்மிட்டரியிலிருந்து வந்தவன் மறுபடியும் ஒரு டார்மிட்டரிக்குப் போவதற்கு மனதளவில் தயாராகவும் இல்லை. 'ஹோமை விட்டு வந்ததே இதுக்குத்தானாக்கா?' என்று ஒருவன் கேட்டான்.

சட்டத்தில் வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிற பிள்ளைக்கு நிதி உதவி தரலாம் என்கிறது. 21 வயது வரை பின்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகும் தொடர்கிற கவனிப்பு, உண்டு. விசேஷமான சூழ்நிலை என்றால் மாதிரி விதிகளின்படி 23 வரை நீட்டிக்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வெளியேறுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் திட்டம் போட வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் நிதி உதவியைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, தரலாம் என்று விட்டுவிட்டது. இங்கேதான் எல்லாம் நழுவுகிறது. அக்கறையுள்ள அலுவலர் இருக்கிற மாவட்டத்தில் பிள்ளைக்குப் பணமும் வழிகாட்டலும் கிடைக்கிறது. இல்லாத இடத்தில் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கும், மறுநாள் ஒரு பையும். விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வரும்போது வயது 21-ஐத் தாண்டியிருக்கும்.

நம் வீட்டுப் பிள்ளையைப் பதினெட்டில் பையோடு அனுப்புவோமா? கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகும்வரை நம் வீட்டில்தான் சாப்பாடு. இருபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு மாதம் சும்மா இருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே தோசை வார்த்துப் போடுகிறோம். பெற்றோர் இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு தேவைப்படும்போது, இல்லாத பிள்ளைக்குக் குறைவாகப் போதும் என்று எப்படி முடிவு செய்தோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்களிடம் வருகிற பிள்ளை முதலில் எடுத்து வைப்பது ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதைத் திறந்து பார்த்தாலே மிச்சக் கதை தெரிந்துவிடும். டி.சி. இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் லேமினேட் செய்து இருக்கும். ஆதாரில் முகவரி என்ற இடத்தில் இல்லத்தின் பெயர். அந்த இல்லம் சில சமயம் மூடப்பட்டிருக்கும், அல்லது வேறு ஊருக்கு மாறியிருக்கும். மார்க் ஷீட்டில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி. அப்பா பெயருக்கு ஓரிடத்தில் ஒருவர் பெயர், இன்னோரிடத்தில் வெற்றிடம். பள்ளியில் சேர்த்த அன்று யாரோ அவசரத்தில் எழுதியது, பத்து வருடம் கழித்து இவன் காலில் இடறுகிறது. ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். பரணில் தங்கி வேலை செய்கிறவனுக்கு அந்த ஒரு நாளைக் கேட்கவே பயம். அதனால் ஃபைல் அப்படியே கிடக்கிறது.

பிள்ளைகள் இல்லத்தில் இருக்கும்போதே இதைச் சரி செய்வது எவ்வளவோ சுலபம். இல்லத்தின் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தருகிற சான்றிதழை வைத்தே ஆதார் வேலைகளை முடிக்கலாம். வெளியே வந்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது. இல்லங்களை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய விடுமுறையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் ஃபைலையும் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேர், தேதி, இனிஷியல் மூன்றும் எல்லாத் தாளிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறார்கள். சாதி தெரியவில்லை என்பதற்காகப் பொதுப்பிரிவில் போட்டியிட வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது ஒரு பெண் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்து அதை வாங்கிவிட்டாள், இப்போது கல்லூரியில் இருக்கிறாள்.

வாக்காளர் அட்டைக்கும் ஒரு வழி இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடிக்கும். தங்குகிற வீடு இல்லாதவர், தான் இரவில் படுக்கிற இடத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அங்கே வந்து, அவர் உண்மையில் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்த்தால் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவு வர வேண்டும். பார்த்துவிட்டால் முகவரிக்கு வேறு சான்று கேட்கக் கூடாது. இது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. சான்றிதழைத் தேடி மனிதனை அலையவிடாமல், மனிதன் இருக்கிற இடத்துக்கு அரசாங்கம் நடந்து வருகிறது. மற்ற அலுவலகங்களும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பேருந்தில் போய் வருகிற தூரத்தில், பாடி பக்கம், ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வாடகை பன்னிரண்டாயிரம். நான்கு பையன்கள் இருக்கிறார்கள். சென்னையில் பேச்சிலர்களுக்கு வீடு கிடைப்பது எப்போதுமே கஷ்டம். அதற்காகத்தான் திருவல்லிக்கேணியில் ஒரு தெரு விடாமல் மேன்ஷன்கள் உண்டாயின. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த எத்தனையோ தலைமுறைப் பையன்கள் அந்தச் சின்ன அறைகளில் தங்கித்தான் ஆளானார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் ஊரில் ஒரு வீடு இருந்தது. வீட்டுக்காரர் 'சொந்த ஊரு எது?' என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது.

எங்களோடு வந்த பையனிடமும் வீட்டுக்கார அம்மா அதையேதான் கேட்டார். 'ஊரு எதுப்பா? அப்பா என்ன பண்றாரு?' அவன் என்னைப் பார்த்தான். இல்லத்தில் வளர்ந்தவன் என்று சொன்னால் வீடு கிடைக்காது என்று மற்றவர்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'ஹோம் பசங்க' என்றால் திருட்டு, கஞ்சா என்று நினைக்கிற ஊர் இது. நான் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவனிடம், 'சமைக்கத் தெரியுமா? அசைவம் பண்ணா வாசனை வரக் கூடாது, மோட்டார் போட்டா மறக்காம நிறுத்தணும், ராத்திரி பத்துக்கு மேல கேட்டு பூட்டிடுவேன்' என்று வரிசையாகச் சொன்னார். என்னிடம் திரும்பி, 'வாடகை லேட் ஆனா உங்களைத்தாம்மா கேப்பேன்' என்றார். அதுதான் விஷயம். பணத்துக்கும் நடத்தைக்கும் பதில் சொல்ல ஒரு பெரிய ஆள் தெரிந்தால் கதவு திறக்கிறது. ஒப்பந்தத்தில் என் பெயரும் அவன் பெயரும் சேர்ந்து இருக்கின்றன. அவன் பெயர் இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் முகவரிச் சான்று. அந்த வாடகை ஒப்பந்தம்தான் அவன் ஃபைலில் ஏறிய முதல் சொந்த முகவரி.

அட்வான்ஸ் பெரிய மலை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் ஐந்து மாதம், பத்து மாதம் கேட்பது நின்றபாடில்லை. மாதம் நாலாயிரம் உதவித்தொகை வாங்குகிற பிள்ளை இதை எப்படிப் புரட்டும்? எங்கள் குழுவின் பணத்தில் பெரும்பகுதி இந்த அட்வான்ஸில்தான் முடங்கிக் கிடக்கிறது. முடங்கட்டும். வீட்டைக் காலி செய்தால் திரும்பி வருகிற பணம்தானே. உதவி செய்ய நினைக்கிறவர்கள் பிரியாணிப் பொட்டலத்துக்குச் செலவு செய்வதை விட்டுவிட்டு நாலு பேராகச் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு அட்வான்ஸ் போட்டால் அது பல வருடத்துக்கு நிற்கும்.

வீடு கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் துணி துவைக்கத் தெரியும், நூறு பேருக்கு வெங்காயம் உரிக்கத் தெரியும், ஆனால் ஒரு கிலோ அரிசி எத்தனை நாள் வரும் என்று தெரியாது. கடையில் போய் உப்பு வாங்கியதே இல்லை. மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படுக்கை. தன் கையில் சாவி என்று ஒன்று இருந்ததே இல்லை. வந்த புதிதில் ஒருவன் வெளியே போய் வருவதற்கே யோசிப்பான், 'போலாமாக்கா?' என்று போன் பண்ணுவான். இன்னொருவன் நேர்மாறு. முதல் சம்பளத்தில் ஷூ, ஹெட்போன், நண்பர்களுக்கு ட்ரீட் என்று ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். திட்டுவதற்கு வாய் வந்தது. ஆனால் முதல் சம்பளத்தை அப்படிச் செலவு செய்யாத பையன் எந்த வீட்டில் இருக்கிறான்? அந்த மாதம் அவன் காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சாப்பிட்டான், இரவு மற்றவர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டான். அடுத்த மாதம் தானே ஒரு நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தான். கூரை இருந்ததால் அந்த ஒரு மாதத் தவறு ஒரு மாதத்தோடு போயிற்று.

சமையல் கேஸுக்கு ஒரு தகவல். வழக்கமான சிலிண்டருக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். ஐந்து கிலோ 'சோட்டு' சிலிண்டருக்கு அது வேண்டாம், அடையாள அட்டை இருந்தால் போதும். எங்கள் பையன்கள் அதில்தான் தொடங்கினார்கள்.

இப்படி வீடு எடுத்துக் கொடுப்பது எல்லோருக்கும் சரிப்படும் என்று சொல்ல வரவில்லை. போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும் உள்ளம் உடைந்து கிடப்பவர்களுக்கும் முதலில் மருத்துவம் வேண்டும், பக்கத்தில் எந்நேரமும் ஆள் வேண்டும். அது எங்களைப் போன்றவர்களால் ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கும் சிகிச்சை முடிந்து திரும்பி வர ஓர் இடம் வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

மற்ற நாட்களைவிடப் பண்டிகை நாட்கள்தான் கடினம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னையே ஊருக்குக் கிளம்புகிறது. தெருமுனை மெஸ் மூடிவிடும், மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பார். கூட வேலை செய்கிறவன் 'நீ எப்படா கிளம்புற?' என்று கேட்பான். ஹோட்டல் பரணில் இருந்தபோது பண்டிகைக்கு இரட்டைச் சம்பளம் என்று சொல்லி எங்கள் பையனைத்தான் நிறுத்தி வைப்பார்களாம், அவனுக்குத்தான் போக ஊர் கிடையாதே. இப்போது பாடி வீட்டில் பொங்கல் வைக்கிறார்கள். இல்லத்தில் கூட வளர்ந்த மற்ற பிள்ளைகள், வேறு ஊர்களில் வேலை செய்கிறவர்கள், லீவு கிடைத்தால் அங்கே வந்துவிடுகிறார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் அன்று காலடி வைக்க இடம் இருக்காது. போன பொங்கலுக்கு வீட்டுக்கார அம்மா கரும்பைக் கொடுத்துவிட்டு, சத்தம் அதிகம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி இன்னொரு இடம். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டதும் கேட்கிற முதல் கேள்வி, 'கூட யாரு இருக்கா?' மாத்திரை வாங்க, ரத்தம் கொடுத்தனுப்ப, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். விபத்தில் கால் உடைந்த ஒரு பையனுக்கு, அவனோடு அதே இல்லத்தில் வளர்ந்தவர்கள் முறை போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் உறவுமுறை என்று கேட்டபோது ஒருவன் 'அண்ணன்' என்று எழுதினான். எழுதினதோடு நிற்காமல், கட்டுப் பிரிக்கும்வரை அவன் சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே கொஞ்சம் சொல்கிறேன். அவர்களை ரோட்டில் பார்க்க முடியாது. ரோட்டுக்கு வருவதற்கு முன்பே யாராவது ஒரு கூரையைக் காட்டிவிடுகிறார்கள். வீட்டு வேலை, விடுதி உள்ள மில், அல்லது அவசரக் கல்யாணம். பதினெட்டு முடிந்த மறுமாதமே மாப்பிள்ளை பார்த்து, 'ஒரு பாதுகாப்பு வேணுமில்ல' என்று முடித்துவைக்கிறவர்கள் நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். அந்தக் கல்யாணம் கசந்தால் அவள் எங்கே திரும்பிப் போவாள்? தமிழ்நாடு அரசு நடத்துகிற 'தோழி' விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு நல்ல ஏற்பாடு. பாதுகாப்பு இருக்கிறது, கட்டணமும் தனியார் விடுதிகளைப் பார்க்கையில் தாங்கக்கூடியது. அந்த விடுதி ஒவ்வொன்றிலும் இல்லங்களிலிருந்து வருகிற பெண்களுக்கென்று சில படுக்கைகளை, முதல் இரண்டு வருடம் கட்டணம் இல்லாமல், ஒதுக்கிவைத்தால் எத்தனையோ அவசரக் கல்யாணங்கள் நின்றுபோகும். புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி விடுதி தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் வர வேண்டும். அம்பத்தூர், ஒரகடம், ஓசூர் என்று ஆள் வேண்டும் வேண்டும் என்கிற இடங்களில்தான் இந்தப் பிள்ளைகளுக்கு வேலையும் இருக்கிறது.

படிப்புக்கு வழி இல்லாமல் இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போனால் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பின்காப்பு உதவியான 4,000-மும் சேர்ந்தால் ஒரு பிள்ளை சாப்பிட்டுப் படித்துவிடலாம். வாடகை மட்டும்தான் குறைகிறது. அந்த ஒரு குறைக்காக மற்ற மூன்றும் வீணாகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

அந்தப் பரண் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாடி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். வேலை பிடித்திருந்தது, கை சீக்கிரம் திருந்தியது. ஆனால் முதலாளி ஓவர்டைம் பணத்தை மாதம் மாதம் தள்ளிக்கொண்டே போனார். போன வருடம் ஒரு நாள் சாயங்காலம் அவன் எனக்குப் போன் பண்ணினான். 'அக்கா, வேலைய விட்டுட்டேன். கணக்குப் பாத்துக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்' என்றான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். 'வீட்லதான். ரசம் வச்சிட்டிருக்கேன்' என்றான். மூன்று வாரம் போல வேலை இல்லாமல் இருந்தான். அந்த நாட்களில் மற்றவர்கள் அவன் பங்கையும் சேர்த்துப் போட்டார்கள், அவன் எல்லோருக்கும் சமைத்தான். பழைய பட்டறையில் மூன்று முறை போய் நின்று பாக்கியில் பெரும்பகுதியை வாங்கிவிட்டான். இப்போது வேறொரு கம்பெனியில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற சி.என்.சி. இயந்திரத்தில் பழகிக்கொண்டிருக்கிறான், பி.எஃப். பிடிக்கிறார்கள்.

அடுத்த ஜூனுக்குள் இன்னொரு வீடு வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஓர் இல்லத்திலிருந்து இரண்டு பையன்கள் வெளியே வருகிறார்கள், இரண்டு பேருக்கும் ஐ.டி.ஐ.யில் சேர ஆசை. கிண்டி, அம்பத்தூர் பக்கம் மாடியில் சும்மா கிடக்கிற போர்ஷன் எதுவாக இருந்தாலும் சரி, தண்ணீர் வசதி இருந்தால் போதும். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயரையும் சேர்க்கச் சம்மதிக்க வேண்டும். வாடகை லேட் ஆனால் என்னைக் கேட்கலாம்.